பெண்கள் பக்கம் ஓடிய படம்

காற்று எப்போது வரும் என்று இன்னொரு தடவை கேட்டால் தோணி ஓட்டுகிற தண்டல் என்னைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார். பாயைப் பாருங்கள், ஈரச் சேலை மாதிரித் தொங்குகிறது. நீங்கள் கேளுங்கள் பெரியம்மா. வயசில் பெரியவர்கள், உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார். பொழுது சாய்வதற்குள் நான் மணப்பாட்டில் இறங்கியாக வேண்டும். நாளைக்கு ஞாயிறு. பூசை முடிந்த பிறகு போய் இறங்கினால் போகாமலே இருந்திருக்கலாம்.

எதற்குத் தனியாகப் போகிறாய் என்று கேட்டீர்களே. ஒரு பெண்ணிடம் ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். நல்ல விஷயம் இல்லை, நான் செய்த விஷயம். உங்களுக்கும் சொல்கிறேன், காற்று வருகிற வரைக்கும் வேறு என்ன வேலை? ஆனால் நடுவில் "ஐயோ பாவம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்குப் பிடிக்காது.

என் பேர் குருசம்மாள். தூத்துக்குடி. அப்பா மிஷன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். அம்மா இல்லை. அக்கா ஒருத்தி, அமலி, என்னைவிட நாலு வயசு மூத்தவள். போன வருஷம் மாதா திருவிழா முடிந்ததும் அவளுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை கஸ்பார், சங்குக் கிட்டங்கி வீட்டுப் பையன். சங்கை மலையாகக் குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் கிட்டங்கி. அவன் அம்மாவை ஊரில் கிட்டங்கியம்மா என்றுதான் சொல்வார்கள். பெரிய இடம்.

கலியாணத்துக்கு முந்தி மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது உங்களுக்குத் தெரியாததா? இன்னார் மகன் இன்னார் மகளைக் கட்டப்போகிறான், தடை உண்டென்றால் சொல்லுங்கள் என்று. முதல் ஞாயிறு வாசித்தார்கள். எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். இரண்டாம் ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு வாசிக்கவில்லை. சாமியார் வேறு இரண்டு ஜோடியை வாசித்தார், காகிதத்தை மடித்தார், உள்ளே போய்விட்டார். மறுபடியும் எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணால் பார்த்தேன்.

ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா "விடு" என்றார். அக்கா "பேசாதே" என்றாள். கிட்டங்கி வீட்டில் வாயே திறக்கவில்லை. இரண்டே மாசத்தில் கஸ்பாருக்கு மணப்பாட்டிலிருந்து திரேசம்மாள் என்று ஒரு பெண்ணை எடுத்தார்கள். அப்புறம் ஏன் என்று யாராவது சொல்ல வேண்டுமா? அதைவிடப் பெரிய இடம் கிடைத்தது, எங்களைத் தூக்கி எறிந்தார்கள். இதுகூடவா எனக்குப் புரியாது?

கிறிஸ்மசுக்கு அந்தக் கிட்டங்கியம்மா எங்கள் வீட்டுக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்துவிட்டாள். என்ன தைரியம் பாருங்கள். நான் அதைக் கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்க அக்காவுக்கு மூணாம் ஓலை எந்தக் கோயில்லட்டீ வாசிப்பாவ?" என்று கேட்டாள். சிலேட்டால் மண்டையில் அடித்தேன். மண்டை உடையவில்லை, சிலேட்டுதான் உடைந்தது. முழங்கால் போட்டு மன்னிப்புக் கேள் என்றார்கள் மதர். மாட்டேன் என்றேன். எட்டாவதோடு படிப்பு சரி. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை பெரியம்மா. இப்போது பழகப் போகிறேன்.

நீங்கள் பயாஸ்கோப் பார்த்ததில்லை என்றீர்கள். அப்படியென்றால் எங்கள் கூடாரத்தைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும். பஞ்சாலைக்குப் பின்னால் கடற்கரைப் பொட்டலில் ரங்கையா நாயுடு கூடாரம் அடித்திருக்கிறார். நடுவில் பெரிய வெள்ளைத் திரை. மெஷின் இருக்கிற பக்கம் ஆண்கள். திரைக்குப் பின்னால் பெண்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாது. படம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு பேர் திரை முழுக்கத் தண்ணீர் அடிப்பார்கள். துணி நனைந்தால்தான் வெளிச்சம் ஊடுருவிப் பின்பக்கமும் படம் தெரியும். தெரியும், ஆனால் இடவலம் மாறித் தெரியும். படத்தில் வருகிற வெள்ளைக்காரன் எங்களுக்கு இடது கையால்தான் சாப்பிடுவான், இடது கையால்தான் சிலுவை போடுவான். "சீ, கழுவுறதும் அந்தக் கைதானா?" என்று எங்கள் ஊர்ப் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும், அவன் என்ன சொன்னான், அவள் என்ன சொன்னாள் என்று. ஆண்கள் பக்கம் அதை வாசித்துத் தமிழில் சொல்லச் சுவிசேஷமுத்து வாத்தியார் இருக்கிறார், கையில் பிரம்போடு. ஆர்மோனியம், தபேலா, விசில், அவர் தொண்டை எல்லாம் சேர்ந்து எங்கள் பக்கம் வெறும் இரைச்சலாகத்தான் வந்து சேரும். அப்படியானால் எங்களுக்கு யார் வாசிப்பது? எழுத்தும் மாறித்தானே வரும். கான்வென்டில் பத்தாவது படித்தவர்களுக்கே அதைப் பார்த்தால் தலை சுற்றும்.

எனக்குச் சுற்றாது. அச்சு எழுத்தே கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறித்தான் இருக்கும். அடித்து முடித்த பிறகு அந்த ஈய எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். சின்ன வயசிலிருந்து அக்காவும் நானும்தான் அப்பாவுக்கு அதைச் செய்து கொடுத்தவர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மாறிய எழுத்துதான் நேர் எழுத்து. அக்கா அந்த மூன்றாம் ஞாயிறுக்குப் பிறகு கோயிலைத் தவிர எங்கும் போவதில்லை. ஆக, பெண்கள் பக்கத்துக்கு நான் ஒருத்திதான்.

நாயுடு என்னைக் கூப்பிட்டு, "தொண்டை இருக்காம்மா?" என்றார். கத்திக் காட்டினேன். "போதும் தாயே" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

முதல் நாலு மாசம் உள்ளதை உள்ளபடிதான் வாசித்தேன். சத்தியம். வாத்தியாராவது ஆங்காங்கே தன் சரக்கைச் சேர்ப்பார். நான் சேர்க்க மாட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

அப்புறம் பத்துப் பாகப் படம் ஒன்று வந்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு பாகம். கழுத்தில் கத்தியை வைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வா என்பார்கள். முதல் சனிக்கிழமை திரையில் ஒரு துறைமுகம், வரிசையாகக் கிட்டங்கிகள், ஒரு கிட்டங்கிக்குள்ளிருந்து தொப்பி போட்ட ஒருத்தன் வெளியே வருகிறான். மெல்லிசு மீசை, ஓரம் முறுக்கியது. அப்படியே கஸ்பார் மீசை. நான் தேடிப் போகவில்லை பெரியம்மா, அதுவாக வந்தது. முன் பெஞ்சில் பார்க்கிறேன், கிட்டங்கியம்மா, பக்கத்தில் புதுமருமகள் திரேசம்மாள், வயிறு நன்றாக மேடிட்டிருக்கிறது, கையில் வறுகடலைப் பொட்டலம். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுத்து வந்தது. அவன் ஒரு ரகசியப் போலீஸ்காரன், கடத்தல்காரர்களைப் பிடிக்க மாறுவேஷத்தில் வந்திருக்கிறான் என்று போட்டிருந்தது. வாசித்தேன். மனசுக்குள் வாசித்தேன். வாயால் சொன்னது வேறு.

"இவன் இந்தக் கிட்டங்கிக்காரி மகன். ஒரு ஏழைப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தான். கோயிலில் இரண்டு தடவை பேர் வாசித்தபிறகு அவளைக் கைவிட்டு வந்துவிட்டான்."

பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் முன் பெஞ்சுக்குத் திரும்பியது. கோயிலில் என் அக்காவைப் பார்த்துத் திரும்பிய அதே தலைகள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வெயிலில் நடந்து வந்து பானைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் இருக்குமே, அப்படி.

கிட்டங்கியம்மா எழுந்து போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. திரையைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். குற்றமுள்ளவள் எப்படி எழுந்திருப்பாள்? எழுந்தால் நான்தான் அது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? எனக்கு அது அன்றைக்கே புரிந்துவிட்டது. அவள் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டேன், அவளால் எடுக்கவும் முடியாது, தட்டிவிடவும் முடியாது.

அந்தப் படமும் எனக்குத் தோதாகத்தான் இருந்தது. அவன் சுவர் ஏறுவான், ஜன்னல் வழியாக நுழைவான், மேஜையை உடைத்துக் காகிதம் எடுப்பான், பொய்த் தாடி வைத்துக்கொள்வான். நல்லவன் செய்கிற வேலையா அது? வாத்தியார் அந்தப் பக்கம் "சபாஷ் நம்ம இன்ஸ்பெக்டர்!" என்று கத்துவாராம். இந்தப் பக்கம் பெண்கள் "நாசமாப் போறவன், பாரேன் பூனை மாதிரி நடக்கதை" என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஒரு தடவை கடத்தல்காரர்கள் அவனைக் கட்டிப்போட்டு அடித்தார்கள். ஆண்கள் பக்கம் "ஐயோ" என்றது. எங்கள் பக்கம் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நாயுடு பயந்துபோய் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

வீடுகளில் வேறு சண்டை. வள்ளக்காரர் மனைவி சலேத்தம்மாள் என்னிடம் வந்து, "ஏட்டி, அவன் போலீசுன்னு எம்புருசன் அடிச்சுப் பேசுதாருட்டி. ஏமாத்துக்காரனுக்கு ஏமாத்துக்காரன்தான் வக்காலத்துன்னு அகப்பையால ஒண்ணு போட்டேன்" என்றாள். நான் என்ன செய்யட்டும்? சிரித்தேன்.

ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். பேரை ஒருநாளும் சொல்லவில்லை. அவன் அம்மா சங்கை எண்ணிக்கொண்டிருப்பாள் என்றேன், போதாதா? நாலாம் வாரம், புதுப்பெண்டாட்டியை ஏமாற்றிக் கட்டிக்கொண்டான், அவளுக்குப் பழைய கதை தெரியாது என்றேன். திரேசம்மாள் கையில் கடலைப் பொட்டலம் அப்படியே இருந்தது. ஐந்தாம் வாரம்... சரி, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வாரம் திரையில் அவன் ஒரு பெண்ணை இருட்டில் சந்தித்துப் பேசினான். அவள் போலீசுக்கு உளவு சொல்கிறவள். நான், இதுதான் அந்த முதல் பெண், கலியாணத்துக்கு முன்னாலேயே இவளைத் தனியாக வரச்சொல்லிக் கெடுத்தான் என்றேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் பெரியம்மா. சூட்டில் வந்துவிட்டது. அவன் இன்னும் கெட்டவனாகத் தெரிய வேண்டுமே என்றுதான் பார்த்தேன். அந்தப் பெண் யாராகத் தெரிவாள் என்று நான் யோசிக்கவில்லை.

ஆறாம் வாரம் முன் பெஞ்சில் மருமகள் இல்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். எல்லாரும் போவதுதானே. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டங்கியம்மா மட்டும் வந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. வீட்டில் இருக்க வேண்டியதுதானே? வராமல் இருந்தால் தோற்றுவிட்டாள் என்று நினைத்திருப்பேன். வந்து உட்கார்ந்து என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுப் போவாள். அது எனக்கு இன்னும் வெறியேற்றியது.

ஏழாம் வாரம் வேம்பாரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. ஆள் மட்டும் வந்தது, வேறு இடம் முடிவாகிவிட்டது என்று. அப்பா அச்சுக்கூடத்துக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கிணற்றடியில் பெண்கள் அக்காவைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பார், அந்தக் கிட்டங்கிக்காரி எதுவரைக்கும் போகிறாள் என்று நான் அக்காவிடம் சொன்னேன். வேம்பார் வரைக்கும் ஆள் அனுப்பிக் கெடுக்கிறாள் என்று.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குருசு, நீ அங்க என்னத்தட்டீ வாசிக்கே?" என்று கேட்டாள்.

"திரையில போட்டிருக்கதைத்தான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன? எனக்கு என்ன வேண்டுதலா?" என்றேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று முன்னே சொன்னேன். அதுவும் பொய்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தாம் பாகம். போன சனிக்கிழமை. கடைசிப் பாகம் என்று பறை அடித்து அறிவித்திருந்தார் நாயுடு. பெண்கள் பக்கம் உட்கார இடமில்லை, மணலில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி, அவனுக்கு என்ன தண்டனை? "தூக்கா, கடல்லயா?" என்று சலேத்தம்மாள் கேட்டாள். "பாத்துக்கிட்டே இரு" என்றேன். எனக்கும் தெரியாது. படப்பெட்டி கொழும்பிலிருந்து வாராவாரம் ஒரு பாகமாகத்தானே வரும். நான் முடிவைப் பார்க்காமல்தான் ஒன்பது வாரம் கதை அளந்திருக்கிறேன். இத்தனை திருட்டு செய்கிறவன் கடைசியில் சாகாமல் எங்கே போவான் என்று நினைத்துவிட்டேன்.

அவன் சாகவில்லை பெரியம்மா. கடத்தல்காரர்களை எல்லாம் பிடித்துவிட்டான். கவர்னர் மாதிரி ஒருத்தர் வந்து அவனுக்கு மெடல் குத்தினார். ஆண்கள் பக்கம் திருவிழா. எங்கள் பக்கம் எல்லா முகமும் என்னைப் பார்க்கிறது. "என்னட்டீ இது, இவனுக்குப் போயி பதக்கம் குத்துதான்!"

"காசு கொடுத்து வாங்கிவிட்டான்" என்றேன். நம்பினார்கள். அடுத்தது கோயில். அவன் அந்த உளவுக்காரப் பெண்ணோடு பீடத்துக்கு முன்னால் நிற்கிறான். வெள்ளைக் கவுன், பூச்செண்டு. நான் கெடுத்துப்போட்ட அந்த முதல் பெண்ணைத்தான் அவன் கட்டிக்கொண்டிருக்கிறான்! நான் என்ன சொல்ல? "இது அவள் இல்லை, அவள் தங்கச்சி மாதிரி இன்னொருத்தி" என்று உளறினேன். அதற்குள் கடைசி எழுத்து வந்துவிட்டது. பெரிய எழுத்து, நாலே சொல். நின்று எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். முன் பெஞ்சில் கிட்டங்கியம்மா முதுகு நேராக இருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் கத்திச் சொன்னேன்.

"'அந்த முதல் பெண் செத்துப்போனாள். இனி எனக்குப் பயமில்லை' என்கிறான்!"

"அப்படி இல்ல."

பின்னாலிருந்து சத்தம். உரக்கக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாசல் தட்டியைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்கிறாள். முக்காடு போட்டிருக்கிறாள், முகம் தெரிகிறது.

"'நமக்குள்ள இனி மறைக்க ஒண்ணும் இல்ல.' அதுதான் எழுதியிருக்கு" என்றாள். "அவன் போலீஸ்காரன். மொதல்ல இருந்தே போலீஸ்காரன்தான். வாத்தியார்ட்ட கேட்டுட்டுத்தான் வாரேன்."

திரையில் அந்த இரண்டு பேரும் எங்கள் எல்லார் முகத்திலும் வெளிச்சம் அடித்துக்கொண்டு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணாம் ஓலைய நிறுத்தச் சொன்னது நான்" என்றாள் அக்கா. "அவிய இல்ல. நான்."

அப்போதுதான் கிட்டங்கியம்மா எழுந்தாள். பத்து வாரத்தில் முதல் தடவை திரும்பினாள். என்னைப் பார்க்கவே இல்லை. "அமலி, பேசாம இரி. படம் பாக்க வந்தவிய பாத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

"இல்ல மாமி. நீங்க எனக்குக் குடுத்த வாக்குக்காவ பத்து வாரம் இதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கிய. போதும்."

விளக்குப் போட்டுவிட்டார்கள். வெளிச்சத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சலேத்தம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்போ அவன் போலீசுதானா? பாவி, எம்புருசன் மண்டை இன்னும் வீங்கி இருக்கேட்டி!" யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கேட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று. பிடிக்கவில்லை என்றாள். அவன் குடிகாரனா? இல்லையாம். வேறு பெண்ணோடு தொடர்பா? இல்லையாம். கை நீட்டுகிறவனா? நல்லவர், அமைதியானவர் என்கிறாள். அப்புறம் என்னதான்? "ரெண்டு தடவை வந்து பேசினாவ. ரெண்டு தடவையும் எப்ப எழுந்து போவாவன்னு இருந்துது. காலம்பூரா அப்படி இருக்க முடியாதுன்னு தோணிச்சு." இவ்வளவுதான். இதற்காக! மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின நாள் இவள் தனியாகக் கிட்டங்கிக்குப் போய் அந்த அம்மாவிடமே சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கோபப்படவில்லையாம். "பொண்ணு வேண்டாம்னுச்சுன்னா ஊரு ஒன்னைத் தின்னுரும். நாங்க வேண்டாம்னதா இருக்கட்டும். ஆம்பிளைப் பயலுக்கு என்ன, துடைச்சுட்டுப் போயிருவான்" என்று சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியாது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ எப்பக் கேட்டே?" என்றாள். "பள்ளிக்கூடத்துல ஒருத்திய அடிச்சே. மாமி குடுத்த பலகாரத்தைக் கோழிக்குப் போட்டே. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை, ஏன்க்கா அழுதேன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. உண்மைதான். அழுகிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் அவள் சொல்லியிருக்கலாம். இன்னமும் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது. ஒரு வருஷம் நான் அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடிக்க வேண்டிய ஆள் அங்கே இல்லவே இல்லை என்றால் கடித்த பல்லுக்கு யார் பதில் சொல்வது?

வியாழக்கிழமை காலையில் கிட்டங்கியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. அன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"திரேசாக்குப் பையன் பொறந்திருக்கான். ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். பிள்ளையத் தகப்பன் பாக்கவும் வேண்டாம், கோயிலுக்கு வந்து நிக்கவும் வேண்டாம், நான் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லிவிட்டிருக்கா. ஒரு பொண்ணைக் கெடுத்துட்டு வந்தவன் கையில எம்புள்ளையக் குடுக்க மாட்டேங்கா. எம்மவன் மூணு தடவை போனான், கதவைத் திறக்கல. நான் சொன்னா நம்ப மாட்டா, பெத்தவ பேசுதான்னுவா. உங்க அக்கா போயிச் சொன்னா, காசு குடுத்துக் கூட்டிட்டு வந்ததா நினைப்பா. நீ சொன்னதைத்தான் அவ நம்பினா. நீயே போயி எடுத்துரு."

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம், நான் வாங்கியிருப்பேன். அப்படி எதுவும் செய்யாமல் இதை மட்டும் சொல்லிவிட்டு நடந்து போனாள். எனக்கு அந்த அம்மாவை இன்னும் பிடிக்கவில்லை பெரியம்மா. நல்லவள் என்று தெரிந்த பிறகு முன்னைவிடப் பிடிக்கவில்லை. கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

கஸ்பார் வண்டி கட்டிக்கொண்டு நாளைக் காலையில் வந்து சேர்ந்துவிடுவான். கோயில் வாசலில் நிற்பான். திரேசம்மாள் அவனைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாளா, நீட்டுகிறாளா என்பது நான் இன்றைக்குப் போய்ச் சேர்வதில் இருக்கிறது. இந்தப் பாழாய்ப்போன பாயைப் பாருங்கள், இப்போதுகூட...

இல்லை. அசைகிறது. அசைகிறது பெரியம்மா! தண்டல், பாயை இழுத்துக் கட்டுங்கள்!

என்ன சொன்னீர்கள்? திரேசம்மாள் உங்கள் தெருவா? நாலாவது வீடா? அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நான் கேட்கவில்லையா? ஆமாம், கேட்கவில்லை. உங்கள் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

அழுகிறாளாமா? பால் கூடச் சரியாகக் கொடுப்பதில்லையாமா? போதும், இறங்குகிற நேரத்தில் இதைச் சொல்லாதீர்கள்.

நீங்கள் போய்ச் சொல்லிவிடுவீர்களா, நான் வாசலிலேயே நிற்கட்டுமா? வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, எப்படிச் சொல்வீர்கள் என்று. சின்னப்பிள்ளை, அக்கா மேல் உள்ள பாசத்தில் தெரியாமல் செய்துவிட்டாள் என்பீர்கள். அவளும் அழுவாள், நானும் அழுவேன், எனக்குக் காப்பி கொடுப்பார்கள். தெரியாமல் செய்யவில்லை பெரியம்மா. எழுத்தை வாசித்தேன், புரிந்தது, மாற்றிச் சொன்னேன். பத்து வாரமும் தெரிந்துதான் சொன்னேன். அவள் கையில் அந்தக் கடலைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்ததையும் பார்த்தேன், பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். அப்புறம் அவள் என்னை விளக்குமாற்றால் அடித்தால் அடிக்கட்டும்.

அதோ கோயில் தெரிகிறது. அந்த மூட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள், நீங்கள் பின்னால் மெதுவாக வாருங்கள். எனக்கு முன்னால் இறங்கக் கூடாது. வழியில் யார் கேட்டாலும் ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும்.